குளியலறைக் காஸ் ஹீற்றர்: காற்று உள்ளே, புகை வெளியே

யாழ்ப்பாணத்தில் புதிதாகக் கட்டும் வீடுகளில் அறையோடு சேர்ந்த குளியலறை இப்போது வழக்கமாகிவிட்டது. மார்கழியில் மேல் தாங்கித் தண்ணீர் சில்லிடுகிறது, வெளிநாட்டிலிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், கரண்ட் பில்லை நினைத்தால் பயம். சரி, காஸ் ஹீற்றர் பூட்டுவோம் என்கிறோம். ஆனால் அதற்குக் காற்று எங்கிருந்து வரும், புகை எங்கே போகும் என்று பலர் கேட்பதில்லை. பூட்டுவது பயிற்சி பெற்ற ஆளின் வேலை. அவர் வேலை செய்யும்போது வீட்டுக்காரர் பார்க்க வேண்டியவற்றை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 1 கிலோ எல்.பி. காஸ் முழுதாக எரிய ஏறக்குறைய 12 கன மீற்றர் காற்று தேவை. நிமிடத்துக்கு 6 லீற்றர் சுடவைக்கும் சிறிய ஹீற்றர் ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 1 கிலோ காஸ் எரிக்கும். 5 அடிக்கு 6 அடி, 8 அடி உயரமுள்ள குளியலறையில் இருக்கும் காற்றோ 7 கன மீற்றர்கூட இல்லை. கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேர் ஆறுதலாகக் குளித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். காற்றில் 21 வீதமாக உள்ள ஒட்சிசன் சிறிது குறைந்தாலே சுவாலை சரியாக எரியாமல் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு உண்டாகத் தொடங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காஸ் கசிந்தால் மணக்கும், ஏனென்றால் அதில் மணப்பொருள் கலந்திருக்கிறார்கள். இது மணக்கவே மணக்காது. இரத்தத்தில் ஒட்சிசன் பிடிக்க வேண்டிய இடத்தை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலையிடி, குமட்டல், தலைசுற்று, கால் தளர்வு. குளித்தவர் களைப்பு என்று நினைத்து அங்கேயே இருந்துவிடுவார்.

படி 1: இடம்

என் தீர்ப்பு இதுதான்: ஹீற்றரை வீட்டுக்கு வெளியே, சுவரில் பூட்டுங்கள். குளிர்நாடுகளில் குழாய்த் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் வீட்டுக்குள் வைக்கிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. வெளியில் வைப்பதற்கென்றே செய்த மொடல்களைக் கேட்டு வாங்குங்கள். தாழ்வாரத்தின் கீழே, மழைச்சாரல் படாத, நாற்புறமும் அடைக்காத இடம் போதும். புகை போகும் பக்கத்தில் படுக்கையறை யன்னல் இருக்கக்கூடாது.

“லண்டனில எங்கட ஹீற்றர் குசினிக்குள்ளதானே இருக்கு” என்று மாமா சொல்வார். உண்மைதான். ஆனால் அங்கே உள்ளது பெரும்பாலும் மூடிய வகை. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய். வெளிக்குழாய் வெளிக்காற்றை இழுக்கும், உள்குழாய் புகையைத் தள்ளும். அறைக் காற்றுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இங்கே மலிவாகக் கிடைப்பவை அறைக் காற்றை எடுத்து எரிப்பவை. சிலவற்றுக்குப் புகைக்குழாயே கிடையாது. அவற்றைக் குளியலறைக்குள் வைக்கவே கூடாது.

சிலிண்டரும் வெளியேதான், நிமிர்த்தியபடி. எல்.பி. காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். அதனால் கிணற்றடிக்கும் கானுக்கும் பக்கத்தில் வேண்டாம்.

படி 2: காற்று வரும் வழி

வேறு வழியின்றி குசினி போன்ற பெரிய அறைக்குள் வைத்தால், வெளியே திறக்கும் நிரந்தரத் துவாரம் வேண்டும். திறந்து மூடும் யன்னல் அதற்கு ஈடாகாது, மழைக்கு யாராவது சாத்திவிடுவார்கள். அளவு ஹீற்றரின் கையேட்டில் இருக்கும், அதைவிடக் குறைக்காதீர்கள். டெங்குப் பயத்தில் எல்லாத் துவாரத்துக்கும் நுளம்பு வலை அடிக்கிறோமே, அங்கேதான் சிக்கல். தூசியும் சிலந்தி வலையும் சேர்ந்து சில மாதங்களில் அடைத்துவிடும். 5 முதல் 10 மில்லிமீற்றர் துளையுள்ள தகடே போதும்.

படி 3: புகைக்குழாய்

புகையைத் தள்ளும் மின்விசிறி இல்லாத ஹீற்றரில் சூடான புகை தானாக மேலே எழுகிறது. ஆகவே ஹீற்றரிலிருந்து முதல் 60 சென்ரிமீற்றராவது குழாய் நேரே மேலே போகட்டும், அதற்குப் பிறகு வளைக்கலாம். சாய்வான வளைவு நல்லது, செங்கோண வளைவு கூடாது. படுக்கையாக நீட்டி ஓட்டாதீர்கள். ஹீற்றரின் வாயைவிடக் குழாயை எந்த இடத்திலும் ஒடுக்காதீர்கள். கடையில் கைக்கு எட்டுகிறது என்று பி.வி.சி. குழாய் போடுபவரை அந்த நிமிடமே நிறுத்துங்கள், அது சூட்டில் உருகும். பருத்தித்துறை, ஊர்காவற்றுறை போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று தகரத்தை அரித்துவிடும் என்பதால் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல்தான் பொருத்தம்.

கூரைக்கு மேலே, தொப்பி போட்டு முடியுங்கள். மின்விசிறி உள்ள வகைக்குச் சுவர் வழியாகக் குறுகிய குழாய் போதும். மழைநீர் உள்ளே ஓடாமல் அது வெளிப்பக்கம் சற்றுச் சரியட்டும். சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும், வாடை வடகிழக்கிலிருந்து. அந்த இரண்டு திசையையும் நேரே பார்க்கும் சுவரில் வாயை வைத்தால் காற்று புகையைத் திருப்பித் தள்ளும்.

படி 4: சோதனை

முதலில் காஸ் இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். குமிழ் வரவில்லை என்று உறுதியான பிறகுதான் நெருப்பு.

உள்ளே பூட்டிய, விசிறி இல்லாத ஹீற்றராக இருந்தால் கதவு, யன்னல் எல்லாம் சாத்துங்கள். அந்த அறையிலும் அடுத்த அறையிலும் உள்ள எக்ஸோஸ்ற் ஃபானைப் போடுங்கள். இதுதான் பலர் தவறவிடுவது: அந்த ஃபான் அறைக் காற்றை உறிஞ்சும்போது, போதிய வழி இல்லாவிட்டால் புகையைக் குழாயிலிருந்தே கீழே இழுத்துவிடும். ஹீற்றரைப் 10 நிமிடம் ஓடவிட்டு, மேற்பகுதியில் புகை சேரும் திறப்பின் விளிம்பில் ஒரு ஊதுபத்தியைப் பிடியுங்கள். அதன் புகை உள்ளே இழுபட்டால் நல்லது. அறைக்குள் திரும்பினால் உடனே நிறுத்தி எல்லாவற்றையும் திறவுங்கள். காரணம் தெரியும்வரை அதைப் பாவிக்க வேண்டாம்.

சுவாலை நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக ஆடினாலோ கரி படிந்தாலோ காற்று போதவில்லை அல்லது உள்ளே அடைத்திருக்கிறது. உள்ளே வைத்தவர்கள் காபனோரொட்சைட்டு அலாரம் ஒன்றும் மாட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் கேட்டால் சொக்லேற்றோடு அதையும் கொண்டுவருவார்கள்.

யாருக்காவது தலைசுற்றினால் காஸை மூடிக் கதவுகளைத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள். 1990 அம்புலன்சை அழையுங்கள். காஸ் ஹீற்றர் ஓடியது என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர்களுக்கு அந்தச் சந்தேகமே வராமல் போகலாம்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு ஒரு வேலை கூடுதல். நல்லூர்த் திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் வீடுகள் நம் ஊரில் நிறைய. அந்த இடைவெளியில் குளவி புகைக்குழாயின் வாயில் மண்கூடு கட்டியிருக்கும். வந்த அன்று ஹீற்றரைப் பற்றவைக்கும் முன் ஏணி வைத்து அதைப் பாருங்கள், அப்புறம் குளிக்கலாம்.