போர் தண்ணீர் நிரப்பிய நீச்சல் குளம்: ஆசிட் முதலில், குளோரின் கடைசியில்

ஆனைமலை, மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத் தோப்பு வீடுகளில் குளத்தை வடித்துக் கழுவினால், திரும்ப நிரப்புவது பெரும்பாலும் போர் தண்ணீர்தான். கீஸர் காயிலில் வெள்ளையாகக் கட்டுமே, அதே தண்ணீர். (அடைமழைக் காலத்தில் முழுக்க வடிக்காதீர்கள். நிலத்தடி நீர் ஏறியிருந்தால் காலிக் குளத்தையே மேலே தூக்கிவிடும்.)

கீழே உள்ள அளவெல்லாம் 10 × 5 மீட்டர், சராசரி ஆழம் 1.4 மீட்டர், அதாவது 70,000 லிட்டர் குளத்துக்கு.

1. நிரப்பியதும் பம்பை ஓடவிட்டு ஒரு நாள் சும்மா இருங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். போர் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருப்பதால் அன்றே சோதித்தால் பிஹெச் 7 என்று காட்டும். குறைவென்று சலவைச் சோடாவைக் கொட்டினால் போச்சு. வாயு வெளியேற வெளியேற பிஹெச் தானாகவே 8.2ஐத் தாண்டும், சுண்ணாம்பு பிரிந்து குளம் நீர்மோராகிவிடும். பொறுமை இல்லையா? ஒரு வாளித் தண்ணீரை டீ ஆற்றுவதுபோல் முப்பது தடவை ஆற்றிவிட்டுச் சோதியுங்கள். ஏறத்தாழ அதுதான் நாளைய கணக்கு.

சோதிக்கத் துளி கிட்தான் வாங்க வேண்டும். ஸ்ட்ரிப் நம் ஊர் ஈரக்காற்றில் நமத்துப்போகும்.

2. காரத்தன்மை (பிஹெச் அல்ல, ஆசிட்டைத் தாங்கும் பைகார்பனேட்டின் அளவு) 80–120 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வேண்டும். 10 பிபிஎம் இறக்க 33% ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 1.3 லிட்டர். முதலில் வாளியில் தண்ணீர், பிறகுதான் ஆசிட். பம்ப் ஓடும்போது ரிட்டர்ன் வாய்க்கு (பில்டரிலிருந்து தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் துவாரம்) எதிரே ஊற்றுங்கள். ஒரு தடவைக்கு இவ்வளவுதான். ஆறு மணி நேரம் கழித்துப் பாருங்கள், பிஹெச் 7.2க்குக் கீழே போகக் கூடாது. ரிட்டர்ன் வாயை மேல்நோக்கித் திருப்பித் தண்ணீரைக் கொப்பளிக்க விட்டால் காரத்தன்மை ஏறாமல் பிஹெச் மட்டும் ஏறும். ஏறியதும் மறுபடி ஆசிட். 200லிருந்து 120க்கு இறங்க ஒரு வாரம்கூட ஆகலாம்.

ஆற்றுத் தண்ணீர் டேங்கரில் வந்தால் கதை தலைகீழ். 10 பிபிஎம் ஏற்ற ஆப்பச் சோடா 1.2 கிலோ. கால்சியம் கடினத்தன்மை 200 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் டைல்ஸ் இடுக்குச் சிமென்டைத் தண்ணீர் தின்னும். கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 1 கிலோ போட்டால் 10 பிபிஎம் ஏறும்.

3. வெயிலில் குளோரின் பறக்காமலிருக்க சயனூரிக் ஆசிட் 30 பிபிஎம், அதாவது 2.1 கிலோ. பழைய சாக்ஸில் கட்டி ரிட்டர்ன் முன்னால் தொங்கவிடுங்கள். கரைய நாளாகும்.

4. கடைசியில் குளோரின். 10% திரவ ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) 2.1 லிட்டருக்கு 3 பிபிஎம். ஏற்கெனவே கால்சியம் மிதமிஞ்சிய தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம், வண்டல்தான் மிஞ்சும். ஆசிட் வாளியில் ஹைப்போவை ஊற்றவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

பிற்சேர்க்கை: "குளோரின் போட்டதும் குளம் கட்டன்சாயா (பால் விடாத டீ) ஆகிவிட்டது" என்று கேட்டவர்களுக்கு: அது இரும்பு. முன்னதாகவே வெள்ளை வாளியில் போர் தண்ணீர் பிடித்து நாலு சொட்டு ஹைப்போ விட்டு, ராத்திரி முழுக்க வையுங்கள். விடிந்ததும் பழுப்பாக இருந்தால், குளோரினுக்கு முன் மெட்டல் சீக்வெஸ்டரன்ட் (இரும்பைப் பிடித்துவைத்து நிறம் மாறாமல் தடுக்கும் மருந்து) ஊற்ற வேண்டும். ஏற்கெனவே பழுப்பாகிவிட்டதா? தெளியும்வரை பில்டரை நிறுத்தாமல் ஓட்டி, அழுத்தமானி முள் ஏறும்போதெல்லாம் பேக்வாஷ் செய்யுங்கள் (பில்டரில் தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி அழுக்கை வெளியேற்றுவது).