தேநீர் டம்ளரும் மாத்திரை டப்பாவும்

வீட்டுப் பெரியவர் குமட்டுகிறது என்று தட்டைத் தள்ளிவைத்தால், வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடவும் வேண்டாம், ஊட்டியே தீருவேன் என்று மல்லுக்கு நிற்கவும் வேண்டாம். முதலில் இரண்டு நாள் அவர் வாய்க்குள் போவதையெல்லாம் நேரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். கோத்தகிரியில் என் அம்மாவுக்கு அப்படி எழுதியபோது, விடியற்காலை தொடங்கி இருட்டுவதற்குள் ஆறு டம்ளர் பால் தேநீரும் ஒவ்வொன்றோடும் ஒரு வர்க்கி பிஸ்கட்டும் தேறின. பிறகு பசி எங்கிருந்து வரும்? மலைக்குளிரில் தேநீரை அறவே நிறுத்தச் சொல்வது நடக்காத காரியம் என்பதால், மூன்றாகக் குறைத்து, சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரம் தராமல், இடையிடையே வெந்நீர் கொடுத்தோம். குளிரில் தாகம் தெரிவதில்லை. நீர் குறைந்தால் மலம் இறுகும், மலச்சிக்கலே குமட்டலைக் கொண்டுவரும்.

அடுத்து மாத்திரை டப்பா. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின், இரும்புச்சத்து மாத்திரை, மூட்டுவலி மாத்திரை ஆகியவை வயிற்றைப் புரட்டக்கூடியவை. இதயத்துக்குத் தரும் டிகாக்சின் உடலில் மிகுந்துவிட்டாலும் முதலில் குமட்டலாகவே தெரியலாம். புது மாத்திரை தொடங்கிய நாளும் குமட்டல் தொடங்கிய நாளும் ஒட்டிவந்தால், நீங்களாக நிறுத்தாமல், அந்தத் தாளோடு மருத்துவரிடம் செல்லுங்கள். கடையில் வாந்தி மாத்திரை கேட்டு வாங்க வேண்டாம். மெட்டோகுளோபிரமைடு போன்றவை முதியவர்களுக்குக் கைநடுக்கத்தையும் உடல் விறைப்பையும் தரலாம். பல்செட் உறுத்துகிறதா, நாக்கில் வெண்படலம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குளிர்காய அடுப்படியில் உட்காரும் பெரியவருக்குத் தாளிப்பு வாசனையே போதும், சமைத்து முடிப்பதற்குள் சாப்பாடு வெறுத்துவிடும். அந்த நேரத்தில் அவரை வெயில் விழும் திண்ணைக்கு மாற்றுங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்து, நெய் விட்ட ராகிக் கஞ்சி, அவித்த முட்டை, உருளைக்கிழங்கோடு மசித்த அவரைக்கொட்டை என்று சிறு கிண்ணத்தில் கொடுங்கள். சாப்பிட்டதும் கம்பளிக்குள் புகுந்துகொள்ளாமல் அரைமணி நேரமாவது நிமிர்ந்து உட்காரட்டும்.

ஸ்வெட்டரும் சால்வையும் மெலிவை மறைத்துவிடுவதால், மாதம் ஒருமுறை எடை பாருங்கள். 50 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் காரணமின்றி இரண்டரைக் கிலோ இழந்திருந்தால் பரிசோதனை அவசியம். குமட்டலோடு மூச்சிரைப்பு, வியர்வை, நெஞ்சு இறுக்கம், குழப்பமான பேச்சு, காப்பித்தூள் நிற வாந்தி ஆகியவற்றில் எது தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். முதியவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும்.