கெளுத்திக்குப் போட்ட இரையை ஆமை தின்னாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கோழி ஈரலைக் கோத்து ஏரியில் வீசிவிட்டு உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் வெறும் தூண்டில் முள் மட்டும் திரும்பி வருகிறதா? சென்னையைச் சுற்றியுள்ள ஏரி, குளங்களில் புதிதாகத் தூண்டில் போடுகிறவர்கள் புலம்புவது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். "கெளுத்தி உஷாருப்பா, இரையை மட்டும் உருவிட்டுப் போயிடுது" என்று பக்கத்தில் இருப்பவர் ஆறுதல் சொல்வார். நம்பாதீர்கள். கெளுத்தி நாசூக்காகத் தின்கிற மீன் இல்லை. வாய்க்குள் போகிற இரையென்றால் விழுங்கத்தான் பார்க்கும். முள் துடைத்துவைத்த மாதிரி வந்தால் முதலில் ஆமையைச் சந்தேகியுங்கள்.

நம் பக்கத்து நன்னீரில் அதிகம் தட்டுப்படுவது பாலாமை. தட்டையான வழவழப்பான ஓடு, நீண்ட கழுத்து, குழாய் மாதிரி மூக்கு. நத்தை, தவளை, இறால், தண்ணீர்ச் செடி, செத்த மீன் என்று எதையும் விடாது. பகலில் கரையோரமாகத் தரையைத் தடவிக்கொண்டே போய், வாசனை பிடித்து இரையைக் கண்டுபிடிக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், கீழே சொல்கிற எல்லாமே இதிலிருந்து வருவதுதான். ஆமை தேடும் இடத்தில், தேடும் நேரத்தில், தரையில், அதற்குப் பிடித்த வாசனையோடு இரையை வைக்காமல் இருக்க வேண்டும். அதை விரட்டவோ அடிக்கவோ தேவையில்லை.

தொடங்கும் முன் ஒரு விஷயம். எந்தத் தண்ணீரில் போடுகிறீர்கள் என்று பாருங்கள். செம்பரம்பாக்கம், புழல் போன்றவை ஊருக்குக் குடிநீர் தரும் ஏரிகள், அங்கே அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். பல ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும், குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022 முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பக்கம் தூண்டிலோடு போகவே வேண்டாம்.

படி 1: ஆமைதானா என்று உறுதி செய்யுங்கள்

இரை திருடுவது ஆமை மட்டும் இல்லை. நண்டும் திருடும், ஜிலேபி மீனும் திருடும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

தக்கையைக் கவனியுங்கள். ஜிலேபி கொத்தினால் தக்கை துடிக்கும், ஆனால் ஓடாது. சின்னக் கெளுத்தி படபடவென்று தட்டிவிட்டுச் சட்டென இழுக்கும். பெரிய கெளுத்தி தக்கையை ஒரே முழுக்காக முழுக்கிக்கொண்டு ஓடும். ஆமையின் இழுப்பில் அவசரமே இருக்காது. தக்கை மெல்லச் சாய்ந்து, பாதி அமிழ்ந்து, பக்கவாட்டில் நகரும், நிற்கும், மறுபடி நகரும். தூண்டில் நரம்பை விரலில் பிடித்துப் பார்த்தால் துடிப்பே தெரியாது, ஈரத்துணியை இழுப்பது போல ஒரு கனம் மட்டும் இருக்கும். இழுத்துப் பார்த்தால் சட்டென்று விட்டுவிடும்.

அப்புறம் மிச்சம் இருக்கும் இரையைப் பாருங்கள். ஆமைக்குப் பல் கிடையாது, தாடையின் விளிம்புதான் கத்தி. அதனால் கறித்துண்டின் ஓரத்தில் பிறை வடிவில் வெட்டு விழுந்திருக்கும், சில சமயம் முன்னங்கால் நகத்தால் கிழித்த நாரும் தொங்கும். நண்டு பிய்த்த இரை துணுக்குத் துணுக்காகச் சிதைந்திருக்கும், முள்ளுக்கு மேலே நரம்பிலும் சிராய்ப்பு தெரியலாம். ஜிலேபியாக இருந்தால் மாவும் புழுவும்தான் காணாமல் போகும், கெட்டியான கறி அப்படியே இருக்கும்.

தண்ணீரையும் ஒரு பார்வை பாருங்கள். தூண்டிலுக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஏதோ ஒன்று மேலே வந்து, இரண்டு மூச்சு விட்டு, ஓசையில்லாமல் உள்ளே போனால் அதுதான் ஆள்.

படி 2: இடத்தை மாற்றுங்கள்

இது செலவில்லாத வைத்தியம், ஆனால் யாரும் செய்வதில்லை. நிழல் இருக்கிறது, வண்டி நிறுத்த வசதி என்று உட்கார்ந்த இடத்தை விட மனம் வராது.

ஆகாயத்தாமரை அடர்ந்த ஓரம், அல்லித் தண்டு, கோரைப்புல், தண்ணீரில் பாதி கிடக்கும் மரக்கட்டை, வெயில் காயத் தோதான கல் இவையெல்லாம் ஆமையின் வீடு. கோழிக்கழிவு கொட்டும் கரையும் அப்படித்தான். அங்கே கெளுத்தியும் இருக்கும், ஆனால் உங்கள் இரை அதுவரை தாங்காது. ஏரிக்கரை சரிந்து திடீரென ஆழமாகும் இடம், மதகுக்கு எதிரே உள்ள பள்ளம், வரத்துக் கால்வாய் வந்து விழும் வாய் இவற்றைத் தேடுங்கள். மழை பெய்து புதுத் தண்ணீர் இறங்கும் நாளில் கால்வாய் வாயில்தான் கெளுத்தி கூடும்.

ஆமைக்கு மூச்சு விட மேலே வர வேண்டும், அதனால் ஆழம் குறைந்த ஓரத்தில் மேய்வதையே விரும்பும். கரையிலிருந்து தள்ளி, ஆழத்தில் போடுவதே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் ஏரி சுருங்கி நடுவில் குட்டையாக நிற்கும்போது இந்த யோசனை வேலைக்கு ஆகாது. மிச்சமிருக்கும் ஆமையெல்லாம் அந்தத் தண்ணீருக்குள்தான் இருக்கும். அந்த மாதங்களில் படி 3, படி 5 இரண்டையும்தான் நம்ப வேண்டும்.

படி 3: பொழுது சாய்ந்த பிறகு போடுங்கள்

பாலாமை பெரும்பாலும் பகல் ஜீவன். கெளுத்தி, அதன் இனத்துத் தேளி, வாளை எல்லாம் இருட்டில் மேய்பவை, அவற்றின் மீசையே கண்ணின் வேலையைச் செய்துவிடும். சூரியன் மறைவதற்குச் சற்று முன்னால் தொடங்கி இரவு ஒன்பது மணி வரை போட்டால் ஆமைத் தொல்லை பாதிக்கு மேல் குறையும். கடினமான கரிய ஓடுள்ள குளத்து ஆமை ஒன்றும் நம் பக்கம் உண்டு. அது இருட்டிலும் இரை தேடும், ஆகவே முழுசாக விடுதலை கிடைக்காது.

இரவில் போகிறவர்கள் தலையில் மாட்டும் விளக்கு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், துணைக்கு ஒருவர் இல்லாமல் போக வேண்டாம். ஏரிக்கரைப் புல்லில் பாம்பு இருக்கும்.

படி 4: இரையை மாற்றுங்கள்

கோழி ஈரல் கெளுத்திக்குப் பிடிக்கும், ஆமைக்கு அதைவிடப் பிடிக்கும். மெத்தென்று இருப்பதால் ஒரே கடியில் உருவிவிடும். ஆமை உள்ள ஏரியில் ஈரலை மறந்துவிடுங்கள். குடல், ரத்தம், அழுகின மீன் இவையும் வேண்டாம்.

அதற்குப் பதில் தோல் தடிமனான இரை வேண்டும். எனக்குப் பிடித்தது கடம்பா, அதாவது கணவாய். சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டிலோ காசிமேட்டிலோ சின்னதாக ஒன்று வாங்கி, விரல் நீளத்துக்கு நாடா நாடாக நறுக்கி, உப்புத் தூவி ஃபிரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். ரப்பர் மாதிரி இறுகிவிடும். முள்ளில் இரண்டு மூன்று முறை மடித்துக் கோத்தால் ஆமை கொறித்தாலும் ஒரே கடியில் போகாது. கோழியின் இரைப்பையும் நல்லது, கறிக்கடையில் கேட்டால் தனியாகவே தருவார்கள். தோலோடு உள்ள கோழிக்கறி என்றால் தோலில்தான் முள் ஏற வேண்டும், கறியில் மட்டும் ஏற்றினால் வீசும்போதே கழன்றுவிடும்.

ஈரலை விட மனமே வரவில்லை என்றால், துண்டைத் தையல் நூலால் பத்துச் சுற்று சுற்றிக் கட்டுங்கள். முடிச்சுப் போடக்கூடத் தேவையில்லை, ஈரமான நூல் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஆமையை இது நிறுத்தாது, கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

மண்புழுவைப் பற்றிக் கேட்பார்கள். சின்னக் கெளுத்திக்கும் தேளிக்கும் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் ஒற்றைப் புழுவாகக் கோத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிற பொறுமை இருந்தால் மட்டும் போடுங்கள்.

படி 5: இரையைத் தரையிலிருந்து தூக்குங்கள்

ஒன்றே ஒன்றுதான் செய்வேன் என்கிறவர்கள் இதைச் செய்யுங்கள். தரையைத் தடவி வருகிற ஆமையின் பாதைக்கு ஒரு முழம் மேலே இரை நின்றால், அது பல சமயம் கீழேயே கடந்து போய்விடும். கெளுத்திக்கு இந்த உயரம் ஒரு பொருட்டே இல்லை, மேலே ஏறி வந்து எடுக்கும்.

தேவையானவை: துளை உள்ள ஈயக்குண்டு, ஒரு சின்னப் பாசிமணி, ஒரு ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் இணைப்பு), முள், கொஞ்சம் நரம்பு, பழைய ஹவாய் செருப்பு ஒன்று. மற்றதெல்லாம் தூண்டில் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். செருப்பு வீட்டுப் பரணில் இருக்கும்.

ரீலிலிருந்து வரும் நரம்பில் முதலில் ஈயத்தைக் கோத்துக்கொள்ளுங்கள், அடுத்து மணி, அதன்பின் ஸ்விவலைக் கட்டுங்கள். ஈயம் நரம்பில் தாராளமாக ஓட வேண்டும். அப்படி இருந்தால்தான் மீன் இழுக்கும்போது கனம் தெரியாமல் இரையைக் கொண்டுபோகும். மணி இல்லாவிட்டால் ஈயம் முடிச்சை இடித்து இடித்து அறுத்துவிடும்.

ஸ்விவலின் மறுமுனையில் ஒன்றரை அடி நரம்பு கட்டுங்கள். இதில்தான் செருப்புக்கு வேலை. செருப்பின் அடிப்பாகத்திலிருந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, ஊசியால் நடுவில் துளையிட்டு நரம்பில் கோத்துவிடுங்கள். முள்ளிலிருந்து நான்கு விரல் தள்ளி நிற்கட்டும். ஈர்க்குச்சி ஒன்றைத் துளையில் செருகி ஒடித்துவிட்டால் நகராது. தெர்மோகோலும் மிதக்கும்தான், ஆனால் உதிர்ந்து ஏரியெல்லாம் வெள்ளை உருண்டையாகும். வேண்டாம்.

கடைசியில் முள். இங்கே சர்க்கிள் ஹூக் எனப்படும் வட்ட முள்ளை வாங்குங்கள். நுனி உள்பக்கம் வளைந்திருப்பதால் மீனின் வாயோரத்தில்தான் பெரும்பாலும் மாட்டும், தொண்டைக்குள் இறங்காது. ஆமைக்கும் அதுவே பாதுகாப்பு. வெட்டி இழுக்கக் கூடாது, நரம்பு இறுகியதும் ரீலைச் சுற்றினாலே போதும். துருப்பிடிக்காத எஃகு முள்ளைத் தவிர்த்துவிடுங்கள், ஏதாவது ஓர் உயிரின் வாயில் தங்கிவிட்டால் அது கரைந்து போகாது.

வீசுவதற்கு முன் வாளித் தண்ணீரில் சோதியுங்கள். ஈயம் அடியில் உட்கார வேண்டும், செருப்புத் துண்டு இரையோடு சேர்ந்து மேலே எழ வேண்டும். இரையின் கனத்தில் துண்டும் அமிழ்ந்தால் இன்னொரு துண்டு சேருங்கள், இல்லை இரையைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் வீசினால், மிதக்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் இரை சேற்றில் கிடக்கும்.

தேளிக்கு மட்டும் உயரத்தைக் குறையுங்கள், ஒரு சாண் போதும். அது சேற்றை ஒட்டியே மேயும்.

படி 6: காத்திருக்கும்போது

கறித்துண்டுகளைத் தண்ணீரில் அள்ளிப் போட்டு மீனைக் கூட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஆமை உள்ள இடத்தில் இது விருந்துக்கு அழைப்பு விடுப்பது. "தூரமாகக் கழிவைக் கொட்டினால் ஆமையெல்லாம் அங்கே போய்விடும்" என்றும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தின்று முடித்ததும் அடுத்த வாசனையைத் தேடிக்கொண்டு இங்கேதான் வரும்.

ஆமை இழுப்பு தெரிந்ததும் உடனே சுற்றி எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் மறுபடி போடாதீர்கள், முப்பது நாற்பது அடி தள்ளிப் போங்கள். தூண்டிலை நட்டுவைத்துவிட்டு டீ குடிக்கப் போகிற பழக்கமும் வேண்டாம். மாட்டிக்கொண்ட ஆமை மேலே வர முடியாமல் போனால் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

கெளுத்தியே மாட்டினால் கையை யோசித்து வையுங்கள். முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முள். தேளி குத்தினால் கை முழுக்கக் கடுக்கும். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி இறங்கும், வீக்கமோ மயக்கமோ வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கூவம், அடையாறு பக்கம் பெரிது பெரிதாக மாட்டும் ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் நாட்டில் வளர்க்கத் தடை செய்யப்பட்டது. அதை இன்னொரு ஏரியில் கொண்டுபோய் விடக்கூடாது, அந்தச் சாக்கடைத் தண்ணீரில் பிடித்ததைச் சமைக்கவும் கூடாது.

படி 7: ஆமையே மாட்டிவிட்டால்

பாலாமை 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கும் அதே அட்டவணை. பிடிப்பதும் வீட்டுக்குக் கொண்டுபோவதும் விற்பதும் குற்றம், சிறைக்குப் போகிற அளவுக்கு. "ராசி" என்று தொட்டியில் வளர்க்கத் தருகிறேன் என்பவர்களிடமும் தள்ளியே இருங்கள்.

நரம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், தாடை கிழிந்துவிடும். மெல்லக் கரைக்கு இழுத்து, வலையிலோ கைப்பிடித் துணியிலோ ஏந்துங்கள். ஓட்டின் பின்பாதியை இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும். முன்பக்கம் கை போகக்கூடாது, அந்தக் கழுத்து நீங்கள் நினைப்பதைவிட நீளம், கடியும் லேசானது இல்லை. ஈரத்துணியைத் தலைமேல் போட்டால் அடங்கும். முள் வாயோரத்தில் இருந்தால், வெளியே தெரியும் கூர்முனையைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டு, வந்த வழியாக உருவுங்கள். பிளேயர் இல்லாமல் தூண்டில் போடவே போகாதீர்கள். முள்ளை எடுத்ததும் அதே கரையில், தண்ணீரோரத்தில் இறக்கிவிடுங்கள், தானே போய்விடும்.

முள் தொண்டைக்குள் போயிருந்தால் இழுத்துப் பார்க்க வேண்டாம். நரம்பை ஒரு சாண் விட்டு அறுத்துவிட்டு, ஆமையை நிழலில் ஈரத்துணி போர்த்தி வைத்து வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவைக் கவனிக்கும் வன உயிரினக் காப்பாளர் அலுவலகம்தான் இதற்கும். அந்த எண்ணைப் புறப்படும் முன்பே போனில் சேமித்துவைத்துக்கொள்ளுங்கள், ஏரிக்கரையில் பல இடங்களில் நெட் கிடைக்காது.