எபிக் கடை விளையாட்டுகளை லினக்ஸில் ஆட ஒரு வழி

திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்கு பார்க்கும் என் தம்பி, தன் கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டான். அவன் ஆசைப்பட்ட விளையாட்டோ எபிக் என்ற இணைய விளையாட்டுக் கடையில் மட்டுமே விற்கிறது. 2018 டிசம்பரில் தொடங்கிய அந்தக் கடை, லினக்ஸுக்கென்று செயலி தரவில்லை. இதற்காக விண்டோஸுக்குத் திரும்ப வேண்டாம்.

'ஹீரோயிக் கேம்ஸ் லாஞ்சர்' என்ற இலவசச் செயலியை, லினக்ஸ் செயலிகள் கிடைக்கும் பிளாட்ஹப் தளத்திலிருந்து நிறுவுங்கள். எபிக் கணக்கோடு, ஜிஓஜி, அமேசான் ஆகிய மற்ற விளையாட்டுக் கடைகளின் கணக்குகளையும் அதில் இணைக்கலாம். பிறகு, அதிலேயே உள்ள வைன் மேலாளர் (Wine Manager) பகுதியில், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட வைக்கும் புரோட்டான்-ஜிஇ மென்பொருளை இறக்கி, விளையாட்டின் அமைப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள். இந்தப் படியைத் தவறவிட்டுத்தான் தம்பி இரண்டு இரவுகள் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், பாவம். வட்டில் விண்டோஸ் பயன்படுத்திய என்டிஎஃப்எஸ் (NTFS) வகைப் பகுதியில் விளையாட்டை வைக்காமல், லினக்ஸுக்கான எக்ஸ்ட்4 (ext4) வகைப் பகுதியில் வையுங்கள்.

சில விளையாட்டுகள் பிறகு மற்ற கடைகளுக்கும் வரும்; அதுவரை பொறுக்க முடிந்தால் இன்னும் நல்லது. 'மெட்ரோ எக்ஸோடஸ்' என்ற விளையாட்டு 2019 பிப்ரவரியில் எபிக்கில் வந்தது. ஓராண்டு கழித்து, லினக்ஸுக்கும் செயலி தரும் ஸ்டீம் கடைக்கும் வந்தது. 2021இல் லினக்ஸ் பதிப்பே கிடைத்துவிட்டது.

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டென்றால், அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை அனுமதிக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். 'ஃபோர்ட்நைட்' அனுமதிப்பதில்லை.