ஐபோன் எரிச்சல்கள்: நீங்களே சரிசெய்யக்கூடியவை, ஆப்பிள்தான் மாற்ற வேண்டியவை

புதிதாக ஐபோன் வாங்கியவர்களின் புகார்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். இடம் நிரம்பிவிட்டது. அலாரம் காதில் விழவே இல்லை. அனுப்பிய படம் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. தட்டிய சொல் வேறு சொல்லாகிவிட்டது. இவற்றில் பல, ஃபோனின் கோளாறு அல்ல. ஆப்பிள் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும் செட்டிங் நமக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். அவற்றை இங்கே ஒவ்வொன்றாக மாற்றலாம். மாற்ற வழியே இல்லாத சில குறைகளும் உண்டு. அவற்றை ஆப்பிளுக்கு எப்படி எழுதுவது என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

முதலில் வெர்ஷன்

செட்டிங்ஸ் > ஜெனரல் > அபௌட் போய், ஐஓஎஸ் (ஐபோனை இயக்கும் மென்பொருள்) வெர்ஷன் எண்ணையும் மாடல் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். 2024இல் வந்த ஐஓஎஸ் 18இல் இருந்து ஒவ்வொரு ஆப்பின் செட்டிங்கும் செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் "ஆப்ஸ்" என்ற பிரிவுக்குள் போய்விட்டது. அதற்கு முந்தைய வெர்ஷன்களில் அவை நேரடியாக முதல் பக்கத்திலேயே இருக்கும். பழைய விளக்கங்களைப் பார்த்துச் செய்பவர்கள் "சஃபாரி எங்கே, மெசேஜஸ் எங்கே" என்று தேடி அலைவது இதனால்தான். எதுவும் கிடைக்காவிட்டால் செட்டிங்ஸில் உள்ள தேடல் பெட்டியில் பெயரைத் தட்டுங்கள்.

பேக்கப் இல்லாமல் எதையும் அழிக்காதீர்கள்

ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐக்ளவுடில் இலவச இடம் 5 ஜிபி. 2011இல் அது தொடங்கியபோதும் இதே அளவுதான். அன்றைய ஃபோனுக்கு அது போதும். இன்று 128 ஜிபி, 256 ஜிபி ஃபோனுக்கு அது எந்த வகையிலும் நியாயமில்லை. பணம் கட்ட விருப்பமில்லை என்றால் கம்ப்யூட்டரில் பேக்கப் எடுங்கள்.

1. கேபிளால் ஃபோனைக் கம்ப்யூட்டரில் இணையுங்கள். ஃபோன் திரையில் "டிரஸ்ட்" கேட்டால் ஒப்புக்கொண்டு பாஸ்கோடு கொடுங்கள்.
2. மேக் என்றால் ஃபைண்டர், விண்டோஸ் என்றால் "ஆப்பிள் டிவைசஸ்" ஆப் அல்லது ஐட்யூன்ஸைத் திறந்து ஃபோனைத் தேர்ந்தெடுங்கள்.
3. ஃபோனில் உள்ள எல்லாவற்றையும் இந்தக் கம்ப்யூட்டரில் பேக்கப் எடுக்கும் தேர்வைப் போடுங்கள்.
4. "என்க்ரிப்ட் லோக்கல் பேக்கப்" என்பதில் டிக் போட்டு ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். இது இல்லாத பேக்கப்பில் சேமித்த பாஸ்வேர்டுகள், வைஃபை விவரங்கள், ஹெல்த் தரவுகள் எதுவும் வராது.
5. "பேக்கப் நௌ" அழுத்துங்கள்.

நான்காம் படியில் வைத்த பாஸ்வேர்டு மறந்துபோனால் அந்த பேக்கப்பைத் திறக்க வழியே இல்லை. காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

கம்ப்யூட்டர் ஃபோனைக் கண்டுகொள்ளவே இல்லையென்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சில மலிவான கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் செய்யும். பேக்கப் ஆமை வேகத்தில் நகர்ந்தால் அதற்கும் காரணம் உண்டு: 2023இல் ஐபோன் 15 யுஎஸ்பி-சிக்கு மாறினாலும், புரோ அல்லாத மாடல்களில் வேகம் பழைய யுஎஸ்பி 2 அளவான 480 எம்பிபிஎஸ்தான். 15 புரோ 10 ஜிபிபிஎஸ் வரை போகும். ஆனால் பெட்டியில் வரும் கேபிள் யுஎஸ்பி 2 கேபிள். முழு வேகம் வேண்டுமானால் தனிக் கேபிள் வாங்க வேண்டும்.

இடம் நிரம்பும் சிக்கல்

செட்டிங்ஸ் > ஜெனரல் > ஐபோன் ஸ்டோரேஜ் திறங்கள். கணக்குப் போட்டு முடிக்க அதற்குச் சிறிது நேரம் ஆகும். வண்ணப் பட்டை நிலையாகும் வரை காத்திருங்கள். பிறகு மேலிருந்து கீழாக, அதிக இடம் பிடித்த ஆப்களைப் பாருங்கள். ஒவ்வொன்றைத் தொட்டாலும் இரண்டு எண்கள் தெரியும்: ஆப்பின் அளவு, அதற்குள் சேர்ந்திருக்கும் "டாக்குமென்ட்ஸ் அண்ட் டேட்டா". கீழே இரண்டு பொத்தான்கள். "ஆஃப்லோட் ஆப்" ஆப்பை மட்டும் நீக்கி, உள்ளே இருக்கும் தரவை அப்படியே வைத்துக்கொள்ளும். "டிலீட் ஆப்" இரண்டையும் அழித்துவிடும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். வாட்ஸ்அப் 200 எம்பி ஆப்பாகவும், 12 ஜிபி தரவாகவும் இருந்தால், ஆஃப்லோட் செய்தால் 200 எம்பி இடம் மட்டுமே கிடைக்கும். டிலீட் செய்தால் 12 ஜிபியும் கிடைக்கும், பேக்கப் இல்லாவிட்டால் உரையாடல்களும் போய்விடும். இரண்டையும் விட்டுவிட்டு வாட்ஸ்அப்பின் உள்ளேயே சுத்தம் செய்யுங்கள்: வாட்ஸ்அப் செட்டிங்ஸ் > ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா > மேனேஜ் ஸ்டோரேஜ். பலமுறை ஃபார்வர்டு ஆனவை, 5 எம்பிக்கு மேற்பட்டவை எனத் தனியாகப் பிரித்துக் காட்டும். அடுத்து வாட்ஸ்அப் செட்டிங்ஸ் > சாட்ஸில் "சேவ் டு ஃபோட்டோஸ்" என்பதை அணையுங்கள். அது ஆனில் இருந்தால் வரும் ஒவ்வொரு படமும் வாட்ஸ்அப்பில் ஒரு பிரதி, ஃபோட்டோஸில் இன்னொரு பிரதி என இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடும். ஃபோட்டோஸில் அழித்தாலும் வாட்ஸ்அப்பில் உள்ளது அழியாது.

ஃபோட்டோஸில் நூறு வீடியோக்களை அழித்த பிறகும் இடம் கூடவில்லையா? அவை "ரீசன்ட்லி டிலீட்டட்" ஆல்பத்தில் 30 நாட்கள் இருக்கும். அங்கேயும் போய் அழித்தால்தான் இடம் வரும். ஒரு கடும் எச்சரிக்கை: ஐக்ளவுட் ஃபோட்டோஸ் ஆனில் இருந்தால், ஃபோனில் அழிக்கும் படம் ஐக்ளவுடிலும், அதே கணக்கில் இருக்கும் மற்றக் கருவிகளிலும் சேர்ந்தே அழியும். "மேலே பத்திரமாக இருக்கிறதே" என்று நினைத்து ஃபோனில் அழிப்பவர்கள் படங்களை இழக்கிறார்கள். அழிக்காமலே இடம் வேண்டுமென்றால், செட்டிங்ஸில் உங்கள் பெயர் > ஐக்ளவுட் > ஃபோட்டோஸ் போய் "ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்" தேர்ந்தெடுங்கள். பெரிய அசல் மேலே போகும், ஃபோனில் சிறிய பிரதி நிற்கும். ஐக்ளவுடில் இடம் இருந்தால்தான் இது நடக்கும்.

இனி நிரம்பாமல் இருக்க வீடியோவைக் கட்டுப்படுத்துங்கள். செட்டிங்ஸ் > கேமரா > ரெக்கார்ட் வீடியோவில் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று ஃபோனே எழுதி வைத்திருக்கிறது: இடம் குறைவாகப் பிடிக்கும் ஹை எஃபிஷியன்ஸி முறையில் 1080பி தெளிவில் நொடிக்கு 30 ஃபிரேமுக்குச் சுமார் 60 எம்பி, 4கே 30 ஃபிரேமுக்கு 170 எம்பி, 4கே 60 ஃபிரேமுக்கு 400 எம்பி. பத்து நிமிட நிகழ்ச்சியை 4கே 60இல் எடுத்தால் 4 ஜிபி. ஃபோன் திரையில் மட்டுமே பார்க்கப்போகும் வீடியோவுக்கு 1080பி தாராளம்.

எஞ்சியிருப்பது "சிஸ்டம் டேட்டா". என்ன இருக்கிறது என்று காட்டுவதும் இல்லை, அழிக்கப் பொத்தானும் இல்லை. செட்டிங்ஸ் > ஆப்ஸ் > சஃபாரியில் ஹிஸ்டரியை அழித்துவிட்டு ஃபோனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், சற்றுக் குறையலாம். கடைசி வழி, முழு பேக்கப் எடுத்து, ஃபோனை அழித்து, பேக்கப்பைத் திரும்ப ஏற்றுவது. ஒரு பொத்தானில் முடிய வேண்டிய காரியத்துக்கு அரை நாள் வேலை வைப்பது உண்மையிலேயே கோபம் வரவைக்கும் குறை.

படங்கள் திறக்கவில்லை

2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து, அதற்கு வசதியுள்ள ஐபோன்கள் படங்களை ஹெச்இஐசி வடிவில் சேமிக்கின்றன. இடம் குறைவு, ஆனால் பழைய கம்ப்யூட்டர்களும் பல இணையதளப் படிவங்களும் அதை ஏற்பதில்லை. செட்டிங்ஸ் > கேமரா > ஃபார்மட்ஸ் > "மோஸ்ட் கம்பாட்டிபிள்" போட்டால் இனி எடுப்பவை ஜேபெக்காக வரும். ஏற்கனவே எடுத்தவை மாறாது. கோப்பு சுமார் இரு மடங்கு பெரிதாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கேபிளில் விண்டோஸுக்கு மாற்றும்போது மட்டும்தான் தொல்லை என்றால் இதைத் தொடாதீர்கள். செட்டிங்ஸ் > ஆப்ஸ் > ஃபோட்டோஸில் கடைசியில் இருக்கும் "டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி"யை "ஆட்டோமேட்டிக்" ஆக்கினால் போதும்.

லைவ் ஃபோட்டோ இன்னொரு குழப்பம். படம் எடுக்கும் நொடிக்கு முன்னும் பின்னும் 1.5 நொடி வீதம் காட்சியும் ஒலியும் பதிவாகும். கேமராவில் அணைத்தாலும் அடுத்த முறை தானாக ஆன் ஆகிவிடுகிறது. நிரந்தரமாக அணைக்க, செட்டிங்ஸ் > கேமரா > பிரிசர்வ் செட்டிங்ஸ் போய் "லைவ் ஃபோட்டோ" பட்டனை ஆன் செய்யுங்கள், பிறகு கேமராவைத் திறந்து லைவ் குறியை அணையுங்கள். பட்டனை ஆன் செய்வது லைவ் ஃபோட்டோவை ஆன் செய்வதாகாது. கடைசியாக வைத்த நிலையை நினைவில் வைத்துக்கொள் என்றுதான் பொருள்.

அலாரம் ஏன் கேட்கவில்லை

சைலன்ட்டில் இருந்தாலும், டூ நாட் டிஸ்டர்ப் போட்டிருந்தாலும் கிளாக் ஆப்பின் அலாரம் ஒலிக்கும். அப்படியிருந்தும் கேட்கவில்லை என்றால் கீழ்க்கண்டவற்றை இதே வரிசையில் பாருங்கள்.

1. செட்டிங்ஸ் > சவுண்ட்ஸ் அண்ட் ஹாப்டிக்ஸ். ரிங்டோனுக்கான ஸ்லைடர்தான் அலாரத்தின் ஒலி அளவையும் முடிவு செய்கிறது. அதை உயர்த்துங்கள்.
2. அதற்குக் கீழே "சேஞ்ச் வித் பட்டன்ஸ்" ஆனில் இருந்தால் அணையுங்கள். ஆனில் இருக்கும்போது, பாட்டு எதுவும் ஓடாத நேரத்தில் பக்கவாட்டுப் பொத்தானைக் குறைத்தால் அலாரமும் சேர்ந்தே குறைந்துவிடும். பெரும்பாலான புகார்களின் வேர் இங்கேதான்.
3. கிளாக்கில் அந்த அலாரத்தைத் திறந்து "சவுண்ட்" பாருங்கள். "நன்" என்றிருந்தால் அதிர்வு மட்டும்தான்.
4. அலாரம் சத்தமாகத் தொடங்கி, திரையைப் பார்த்ததும் அடங்குகிறதா? ஃபேஸ் ஐடி நீங்கள் பார்ப்பதை உணர்ந்து ஒலியைக் குறைக்கிறது. செட்டிங்ஸ் > ஃபேஸ் ஐடி அண்ட் பாஸ்கோடில் "அட்டென்ஷன் அவேர் ஃபீச்சர்ஸ்" அணையுங்கள்.

அழைப்பு மெதுவாகவும் அலாரம் சத்தமாகவும் வேண்டும் என்பது மிகச் சாதாரண தேவை. ஆண்ட்ராய்டில் அலாரத்துக்குத் தனி ஸ்லைடர் இருக்கிறது. ஐபோனில் "ஸ்லீப்" அட்டவணையின் எழுப்பும் அலாரத்துக்கு மட்டும் தனி ஒலி அளவு உண்டு. தினமும் எழுவதற்கு அதைப் பயன்படுத்துங்கள். மாத்திரை நேரம் போன்ற மற்ற அலாரங்களுக்கு அந்த வசதி இல்லை. ஸ்னூஸ் நெடுங்காலம் 9 நிமிடமாகவே இருந்தது. 2025இல் ஐஓஎஸ் 26தான் அதை 1 முதல் 15 நிமிடம் வரை மாற்ற விட்டது.

தட்டச்சு

ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டுபவர்களுக்கு, சொல்லைத் தானாகத் திருத்தும் ஆட்டோ கரெக்ஷன் பெரும் தொல்லை. செட்டிங்ஸ் > ஜெனரல் > கீபோர்டில் அதை அணைக்கலாம். ஆங்கிலத்துக்கு அது வேண்டும் என்றால், அதே பக்கத்தில் "டெக்ஸ்ட் ரிப்ளேஸ்மென்ட்" திறந்து, அடிக்கடி எழுதும் சொற்களை "ஃபிரேஸ்" கட்டத்தில் மட்டும் சேருங்கள், "ஷார்ட்கட்" கட்டம் காலியாக இருக்கட்டும். அந்தச் சொற்களை ஃபோன் பிறகு திருத்தாது. தமிழிலேயே எழுத, கீபோர்ட்ஸ் > ஆட் நியூ கீபோர்ட் > தமிழ் போய் தமிழ்99 அல்லது அஞ்சல் என்ற தட்டச்சு முறையைச் சேர்த்து, கீபோர்டில் உள்ள பூமி உருண்டைக் குறியை அழுத்தி மாற்றிக்கொள்ளுங்கள்.

எழுத்துகளுக்கு மேலே எண் வரிசை இல்லாத குறைக்கு ஒரு குறுக்குவழி: "123" பொத்தானில் வைத்த விரலை எடுக்காமல், வேண்டிய எண் வரை இழுத்து விடுங்கள். எண் விழும், கீபோர்டு தானாக எழுத்துக்குத் திரும்பும்.

பேட்டரி

செட்டிங்ஸ் > பேட்டரியில் பேட்டரி ஹெல்த் பகுதியைப் பாருங்கள். ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழு சார்ஜ் சுழற்சிக்குப் பிறகும், ஐபோன் 15 முதல் 1000 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. 80க்குக் கீழே வந்துவிட்டால் எந்த செட்டிங்கும் உதவாது, பேட்டரியை மாற்றுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பின் சில நாட்கள் வேகமாக இறங்குவது இயல்பு. பின்னணியில் படங்களையும் கோப்புகளையும் ஃபோன் மறுபடி வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும். ஆப்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடும் பழக்கத்தை விடுங்கள். மீண்டும் முதலிலிருந்து திறக்கத்தான் கூடுதல் மின்சாரம் ஆகும். உறைந்துபோன ஆப்பை மட்டும் மூடினால் போதும்.

ஒற்றைக் கையில் எட்டவில்லை என்றால்

செட்டிங்ஸ் > அக்சஸிபிலிட்டி > டச்சில் "ரீச்சபிலிட்டி" ஆன் செய்து, திரையின் அடி விளிம்பில் கீழ்நோக்கி இழுத்தால் மேல்பாதி கீழே இறங்கி வரும். அதே பக்கத்தின் "பேக் டேப்"பில், ஃபோனின் முதுகில் இரண்டு முறை தட்டினால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்படி வைக்கலாம். ஐபோன் 8 முதல் வேலை செய்யும். தடித்த கேஸ் போட்டிருந்தால் சில தட்டல்கள் தவறும். மேசையில் வைக்கும்போது தானாகவே எடுத்தால் மூன்று தட்டலுக்கு மாற்றுங்கள்.

வழியே இல்லாத குறைகளை எழுதி அனுப்புங்கள்

அலாரத்துக்குத் தனி ஸ்லைடர், சிஸ்டம் டேட்டாவை அழிக்கும் பொத்தான், காப்பி செய்தவற்றின் பட்டியல், 5 ஜிபிக்கு மேல் இலவச இடம். இவற்றை ஆப்பிள் மட்டுமே தர முடியும். ஆப்பிள் தளத்தில் "ப்ராடக்ட் ஃபீட்பேக்" பக்கத்தில் ஐபோனுக்கான படிவம் உள்ளது. தனிப்பட்ட பதில் வராது. அதை அவர்களே அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு படிவத்தில் ஒரே ஒரு கோரிக்கை எழுதுங்கள். நான்கைந்தைக் கலந்தால் எந்தக் குழுவுக்கு அனுப்புவது என்று பிரிக்க முடியாது. கோளாறா, புது வசதிக் கோரிக்கையா என்ற வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். "அலாரம் மோசம்" என்பதால் பயனில்லை. இப்படி எழுதலாம்: "இரவில் அழைப்பு ஒலியைக் குறைத்து வைக்கிறேன். அதனால் காலை 5 மணி மாத்திரை அலாரமும் குறைந்துவிடுகிறது. அலாரத்துக்குத் தனி ஒலி ஸ்லைடர் வேண்டும்." கோளாறு என்றால், எதை அழுத்தினீர்கள், என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது என்று வரிசையாக எழுதி, தொடக்கத்தில் குறித்துவைத்த மாடலையும் வெர்ஷன் எண்ணையும் சேருங்கள். ஒரு அப்டேட்டுக்குப் பிறகுதான் கோளாறு தொடங்கியது என்றால், முந்தைய வெர்ஷனில் சரியாக இருந்தது என்பதையும் அதன் எண்ணோடு குறிப்பிடுங்கள்.