விரல் மரத்துப்போகிறதா? கைரோபிராக்டரிடம் போவதற்கு முன் செய்ய வேண்டியவை

ராத்திரி இரண்டு மணிக்கு விரல்கள் மரத்துப்போய் விழித்து, கையை உதறிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறீர்களா? என் அக்கா அப்படித்தான் இருந்தார். தையல் வேலை. ரத்த ஓட்டம் சரியில்லை என்று நினைத்து, எண்ணெய் தேய்த்தே ஆறு மாதம் ஓட்டிவிட்டார். அவருக்கு இருந்தது கார்பல் டனல், அதாவது மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் கோளாறு. இதற்குக் கைரோபிராக்டரிடம், அதாவது எலும்பையும் சதையையும் கையால் அழுத்தி, அசைத்துச் சிகிச்சை தருபவரிடம், சிலர் போவதுண்டு.

மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி இருக்கிறது. கீழே சிறு எலும்புகள், மேலே கூரை போல ஒரு தடித்த தசைநார். அதற்குள் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. உள்ளே வீக்கம் வந்தால் முதலில் நசுங்குவது நரம்புதான்.

முதல் படி: கையை வரையுங்கள்

ஒரு தாளில் கையை வைத்துச் சுற்றிலும் கோடு போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். விழிப்பு வந்ததும் மரத்த இடத்தைப் பேனாவால் தீட்டுங்கள். பகலில் கேட்டால் எல்லோரும் "கை முழுக்க" என்றுதான் சொல்வோம், அது உதவாது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் மீடியன் நரம்பைச் சந்தேகிக்கலாம். சுண்டுவிரல் மட்டும் மரத்தால் அது வேறு நரம்பு, பெரும்பாலும் முழங்கையில் சிக்கல். கழுத்து வலியோடு கை நெடுக இறங்கினால் கழுத்தைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், இரண்டு புறங்கைகளையும் ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்க 60 விநாடி வைத்திருங்கள். அதே விரல்களில் விறுவிறுப்பு வந்தால் சந்தேகம் வலுக்கும். இதை வைத்தே முடிவு கட்டிவிட வேண்டாம்.

இரண்டாவது: டாக்டர்

சர்க்கரை, தைராய்டு, முடக்குவாதம், கர்ப்பம் எல்லாவற்றிலும் இது வரும். அதனால் முதலில் டாக்டர். தேவைப்பட்டால், நரம்பில் சைகை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனையை எழுதித் தருவார். கட்டைவிரலின் அடியில் உள்ள சதைமேடு வற்றியிருந்தாலோ, டம்ளர் கையிலிருந்து நழுவினாலோ, மரப்பு பகலிலும் விடாமல் இருந்தாலோ யாரிடமும் கையை நீவிக்கொண்டிருக்காதீர்கள். நேராகக் கை அறுவை நிபுணரிடம் போங்கள்.

மூன்றாவது: ராத்திரிப் பட்டை

மணிக்கட்டுப் பட்டையை ஆறு வாரம் இரவில் போடுங்கள். கடையில் கிடைக்கும் பட்டைகள் பலவற்றில் உள்ளே இருக்கும் உலோகத் தகடு மேல்நோக்கி வளைந்திருக்கும். அதை உருவி, நேராக்கி, திரும்பச் செருகுங்கள். மணிக்கட்டு நேராக இருக்கும்போதுதான் உள்ளே அழுத்தம் குறைவு. பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும்.

நான்காவது: கைரோபிராக்டர்

1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பாமர் தொடங்கிய முறைதான் கைரோபிராக்டிக். முன்கைச் சதையை நீவுவது, மணிக்கட்டு எலும்புகளை மெதுவாக அசைப்பது, முதுகெலும்பை அழுத்தித் திருப்புவது எல்லாம் இதில் உண்டு. 1998-ல் வெளியான ஓர் ஆய்வில் 91 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை, இன்னொன்றுக்குக் கைரோபிராக்டிக். இரு குழுவும் இரவில் பட்டை போட்டன, இரு குழுவும் தேறின, பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் பட்டையை விட்டுவிட்டு இதற்கு மட்டும் பணம் கட்டாதீர்கள் என்பேன்.

போனால், எங்கே படித்தார் என்று முதலில் கேளுங்கள். "கையை மட்டும் பாருங்கள், கழுத்தில் நெட்டி முறிக்க வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது, அரிதாக என்றாலும், ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போயிருக்கிறது. எலும்புத் தேய்வு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போன்றவற்றை மறைக்காதீர்கள். அழுத்தும்போது விரலில் சுருக்கென்று ஓடினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். நான்கு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் தொடர வேண்டாம், டாக்டரிடமே திரும்புங்கள்.

ஐந்தாவது: விரல் பயிற்சி

விரல்களை நேராக நீட்டுங்கள். நுனிகளைக் கொக்கி போல மடக்குங்கள். திரும்ப நீட்டி, முழுதாக முஷ்டி பிடியுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து முறை, மெதுவாக. மரப்பு கூடினால் அன்றைக்கு அதோடு விடுங்கள்.

ஆறு வாரம் முடிந்ததும் புதுத் தாளில் கையை வரைந்து, மறுபடி மரத்த இடத்தைத் தீட்டி, இரண்டு தாளையும் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். அக்காவின் இரண்டாவது தாளில் நடுவிரல் நுனியில் மட்டும்தான் மை இருந்தது.