டென்டுக்குள் வெக்கை தங்காமல் இருக்க: வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்களுக்கு ஒரு காற்றுக் கணக்கு

எங்கள் வீட்டு பால்கனி வடக்குப் பார்த்தது. எதிரே ஆறு மாடிக் கட்டடம். சென்னையில் இருந்துகொண்டு செடிக்கு வெயில் இல்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆனால் நிலைமை அதுதான். அதனால் படுக்கையறை மூலையில் 80 செ.மீ. நீளம், 80 செ.மீ. அகலம், 160 செ.மீ. உயரத்தில் ஒரு டென்ட் (செடி வளர்க்கவென்றே வரும், கம்பிச் சட்டத்தில் துணி போர்த்திய ஜிப் வைத்த பெட்டி), அதில் 100 வாட் எல்இடி விளக்கு, பத்து லெட்டூஸ் நாற்று என்று ஆரம்பித்தேன். உள்ளே ஒரு கிளிப் ஃபேன் நாள் முழுக்க ஓடியது. இருபது நாளில் லெட்டூஸ் எல்லாம் தண்டு நீண்டு பூவெடுக்கக் கிளம்பிவிட்டது. இலையை வாயில் வைத்தால் வேப்பிலைக் கசப்பு. அப்போதுதான் உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன்: 36 டிகிரி.

ஃபேன் ஓடியும் ஏன் இந்தச் சூடு? உள்ளே இருக்கும் ஃபேன் உள்ளே இருக்கும் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி வீசும். சூடு வெளியே போக வழி வேண்டும், அதன் இடத்துக்குப் புதுக் காற்று வர வழி வேண்டும். இது புரிந்த பிறகு நான் செய்ததைத்தான் வரிசையாகச் சொல்கிறேன். லெட்டூஸ், பேசில், புதினா, மிளகாய் நாற்று என்று எதை வளர்த்தாலும் இதே முறைதான்.

படி 1: முதலில் அறையைப் பாருங்கள்

டென்டுக்குள் வருவது அறையின் காற்று. எவ்வளவு பெரிய ஃபேன் போட்டாலும் அந்தக் காற்றைவிட டென்ட் குளிராது. அறை 33 டிகிரி என்றால் விளக்கு எரியும் டென்ட் 34, 35தான். அதனால் ஃபேன் வாங்கும் முன் அறைச் சூட்டை இரண்டு நாள் குறித்துவையுங்கள்: அதிகாலை, மதியம் மூன்று மணி, இரவு பத்து மணி.

லெட்டூஸுக்குப் பிடித்தது 18 முதல் 24 டிகிரி. 27 வரை ஒருவழியாகத் தாங்கும். ஏசி இல்லாத அறையில், கத்திரி வெயில் காலத்தில் லெட்டூஸ் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அந்த மாதங்களில் பேசில் போடுங்கள், மிளகாய் நாற்று விடுங்கள். லெட்டூஸை நவம்பர் முதல் பிப்ரவரி வரை வைத்துக்கொள்ளலாம்.

படி 2: விளக்கு எத்தனை வாட்?

காற்றோட்டத்துக்கு டென்டின் கன அளவைத்தான் பலரும் கணக்கில் எடுக்கிறார்கள். நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளே உள்ள காற்று முழுதும் மாற வேண்டும் என்பது பழைய கணக்கு. என் டென்டின் கொள்ளளவு ஏறக்குறைய 1 கன மீட்டர், அதனால் மணிக்கு 60 கன மீட்டர் போதும் என்று வரும். செடிக்குக் கரியமில வாயு தட்டுப்படாமல் இருக்க இது போதும். விளக்குச் சூட்டுக்குப் போதாது.

விளக்கு இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகத்தான் முடிகிறது. ஒளியாகக் கிளம்பியதும் இலையிலும் டென்ட் சுவரிலும் பட்டுச் சூடாகிவிடும். செடி தன் உடம்பில் சேர்த்துக்கொள்வது மிகச் சிறு பங்கு. எல்இடி சூடே தராது என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். 100 வாட் எல்இடியும் 100 வாட் சூடுதான்.

கணக்கு இதோ. விளக்கின் வாட்டை 3ஆல் பெருக்குங்கள். அறையைவிட டென்ட் எத்தனை டிகிரி கூடலாம் என்று நினைக்கிறீர்களோ அதால் வகுங்கள். வருவது, மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று வெளியேற வேண்டும் என்பது. காற்றின் எடை, அது சூட்டை ஏற்கும் திறன் இரண்டையும் வைத்து வரும் எண்தான் அந்த 3.

100 வாட் விளக்கு, 3 டிகிரி கூடலாம் என்றால்: 100 × 3 ÷ 3 = மணிக்கு 100 கன மீட்டர். ஃபேன் பெட்டிகளில் சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி) கணக்கில் போட்டிருப்பார்கள். மணிக்கு இத்தனை கன மீட்டர் என்பதை 1.7ஆல் வகுத்தால் சிஎஃப்எம் கிடைக்கும். இங்கே சுமார் 59.

1 டிகிரிதான் கூட வேண்டும் என்றால் அதே விளக்குக்கு மணிக்கு 300 கன மீட்டர் வேண்டும். காற்று மூன்று மடங்கு, இரைச்சலும் ஏறும், கிடைப்பதோ இரண்டு டிகிரி. அதனால் இரண்டு, மூன்று டிகிரியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. செடிகள் வளர்ந்து இலை நிறைந்ததும் அவை விடும் நீராவி கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொள்ளும். உண்மையான ஏற்றம் கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: பெட்டியில் 1000 வாட் என்று அச்சிட்டிருக்கும், பிளக்கில் இழுப்பது 100 வாட்டாக இருக்கும். கணக்குக்கு வேண்டியது பிளக்கில் இழுக்கும் வாட்.

படி 3: ஃபேனைத் தேர்ந்தெடுத்து மேலே கட்டுங்கள்

சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை டக்ட்டில் (காற்றைக் கொண்டுபோகும் மடிப்புக் குழாயில்) மாட்டினால் வேலைக்கு ஆகாது. எதிரே தடை வந்தவுடன் அந்த வகை ஃபேன் தளர்ந்துவிடும். டக்ட்டுக்கென்றே செய்த இன்லைன் ஃபேன் வாங்குங்கள். என் அளவு டென்டுக்கு 4 இன்ச் போதும். பெட்டியில் போட்ட அளவு, எதிரே ஒன்றும் இல்லாமல் வெறுமனே ஓடும்போது கிடைப்பது. டக்ட், வளைவு, வலை எல்லாம் சேர்ந்தால் அதில் பாதி கிடைக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மேலே பார்த்த 59க்கு, பெட்டியில் 120க்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

வேகம் குறைக்க ஃபேனோடு வரும் கன்ட்ரோலரையே பயன்படுத்துங்கள். சுவரில் இருக்கும் விளக்கு டிம்மரில் இணைத்தால் மோட்டார் முனகிச் சூடாகும்.

சூடான காற்று மேலே ஏறும் என்பதால் ஃபேனை டென்டின் உச்சிக் கம்பியில் தொங்கவிடுங்கள். நேராகக் கம்பியில் கட்டாமல் அகலமான பட்டையில் தொங்கவிட்டால் அதிர்வு கம்பிக்குப் போகாது, இரவில் தூக்கமும் கெடாது. டக்ட்டை இழுத்து நீட்டி, தேவைக்கு மேல் உள்ளதை வெட்டிவிடுங்கள். சுருங்கிக் கிடக்கும் டக்ட்டின் உட்புறம் முழுக்க மடிப்பு, காற்று அங்கேயே திணறும். ஒரு வளைவோடு முடித்தால் நல்லது. திரும்பியே ஆக வேண்டிய இடத்தில் மடக்காமல் பெரிய வளைவாக விடுங்கள்.

டென்ட் செட்டோடு கார்பன் ஃபில்டரும் சேர்த்து விற்பார்கள். அது வாசனையைப் பிடிப்பதற்கு. கீரைக்கும் புதினாவுக்கும் தேவையில்லை, காற்றை இழுத்துப் பிடிப்பதுதான் மிச்சம். அந்தக் காசில் நல்ல தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள்.

படி 4: காற்று உள்ளே வரும் வழி

வெளியேறும் ஓட்டை மேலே ஒரு மூலையில் என்றால், உள்ளே வரும் ஓட்டை கீழே எதிர்மூலையில். அப்போதுதான் காற்று செடிகளைத் தாண்டிப் போகும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் வந்த காற்று அப்படியே வெளியே போய்விடும். கீழே உள்ள வலை ஜன்னலைத் திறந்துவைத்தாலே போதும், அங்கே தனி ஃபேன் வேண்டாம். திறப்பின் பரப்பு வெளியேறும் டக்ட்டைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். வெள்ளை ஈ, அசுவினி வராமல் இருக்க அதன்மேல் மெல்லிய வலைத்துணி கட்டலாம். வலை நெருக்கமாக ஆக, காற்று குறையும் என்பதால் திறப்பை இன்னும் பெரிதாக்குங்கள்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். ஃபேனை ஓடவிட்டு, திறப்பின் முன் துணியில் படாமல் பிடியுங்கள். புகை தயங்காமல் உள்ளே போக வேண்டும். ஜிப் ஓரங்களிலும் பிடித்துப் பாருங்கள், அங்கேயும் புகை உள்நோக்கித்தான் போகும். டென்ட் சுவர் லேசாக உள்வாங்கியிருந்தால் எல்லாம் சரி. எலும்பு தெரிகிற மாதிரி ஒட்டிப்போனால் உள்ளே வரும் வழி போதவில்லை.

படி 5: வெளியேறும் காற்றை எங்கே விடுவது?

இதில்தான் நான் அதிகம் யோசித்தேன். ஏசி இல்லாத அறை என்றால் கேள்வியே இல்லை, ஜன்னல் வழியாக வெளியே விடுங்கள். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாது. நகரும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, அந்த இடைவெளி அளவுக்கு பிளைவுட் பலகை வெட்டி, அதில் 4 இன்ச் ஓட்டை போட்டு டக்ட்டை மாட்டிவிடலாம். வெளி முனையில் வலை கட்டாவிட்டால் புறா குடிவந்துவிடும்.

ஏசி ஓடும் அறையில் இதையே செய்தால் நஷ்டம். மணிக்கு 100 கன மீட்டர் குளிர்ந்த காற்றை வெளியே தள்ளினால், கதவிடுக்கு வழியாக அதே அளவு வெளிக்காற்று உள்ளே வரும். சென்னைக் காற்றில் சூட்டோடு ஈரமும் இருக்கிறது. அந்த ஈரத்தைப் பிழிந்தெடுக்கவே ஏசி பெரும்பாடு படும். விளக்கின் 100 வாட்டை வெளியேற்றப்போய் அதைப் போலப் பல மடங்கு சூட்டை அறைக்குள் அழைத்துவந்த கதை ஆகிவிடும். ஒரு டன் ஏசி 3,500 வாட் சூட்டை இழுக்கக்கூடியது, 100 வாட் அதற்கு ஒரு சுமையே இல்லை. ஆகவே ஏசி அறையில் டென்டின் காற்றை அறைக்குள்ளேயே விடுங்கள். டக்ட் வாய் மட்டும் உள்ளிழுக்கும் திறப்பின் பக்கம் பார்க்கக் கூடாது.

படி 6: விளக்கைக் குளிர்விப்பது

செலவே இல்லாத வழி, தேவைக்கு மேல் எரிக்காமல் இருப்பது. லெட்டூஸுக்கு ஒளி அடர்த்தி (ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு விழும் ஒளித்துகள்களின் அளவு) 250 மைக்ரோமோல் அளவில், 14 முதல் 16 மணி நேரம் கிடைத்தால் தாராளம். என் டென்டின் பரப்பு 0.64 சதுர மீட்டர். நல்ல எல்இடி என்றால் இதற்கு 65 முதல் 75 வாட் போதும். விளக்கில் டிம்மர் இருந்ததால் 70க்குக் குறைத்தேன். சூட்டில் முப்பது வாட் அன்றே போனது.

விளக்கின் டிரைவரை (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியை) கழற்றி டென்டுக்கு வெளியே வைக்க முடிந்தால் வையுங்கள். மொத்தச் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அங்கேதான் பிறக்கிறது. வயர் நீளம் போதாவிட்டால் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து நீட்டிக்கொள்ளுங்கள், நீங்களே முறுக்கி டேப் சுற்ற வேண்டாம்.

விளக்கைக் கூரையோடு ஒட்டிக் கட்டாதீர்கள். அதன் முதுகுக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டால் சூடு முதுகிலிருந்து எழும்பி நேராக ஃபேனுக்குப் போகும். முதுகில் உள்ள அலுமினியத் தகடுகளில் தூசி படியும், மாதம் ஒருமுறை காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். செடியின் நுனிக்கும் விளக்குக்கும் 30 முதல் 45 செ.மீ. இருக்கட்டும்.

இப்போது அந்த கிளிப் ஃபேனுக்கு உண்மையான வேலை வருகிறது. இலைகளுக்குச் சற்று மேலே காற்று போகும்படி அதைக் கட்டுங்கள், இலை மெல்ல ஆட வேண்டும், அவ்வளவுதான். லெட்டூஸில் நடு இலைகளின் ஓரம் கருகுவதைப் பார்த்திருப்பீர்கள். இளம் இலைக்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால் வருவது அது. இலையிலிருந்து நீர் ஆவியாகும்போதுதான் வேரிலிருந்து அந்தச் சத்து மேலே ஏறும். மூடிய நடுப்பகுதியில் காற்று அசையாவிட்டால் அது நின்றுபோகும், உரத்தைக் கூட்டினாலும் தீராது.

விளக்கு எரியும் நேரத்தை இரவுக்கு மாற்றுங்கள். நான் மாலை 7 முதல் காலை 9 வரை வைத்திருக்கிறேன். வெளியே குறைந்த சூடு இருக்கும் நேரமும் அதுதான், எங்கள் வீட்டில் ஏசி ஓடும் நேரமும் அதுதான்.

பழைய சோடியம் விளக்கு வைத்திருப்பவர்கள் கண்ணாடி மூடிய ரிஃப்ளெக்டரை டக்ட்டோடு சேர்த்து, விளக்கைத் தாண்டிய பிறகு ஃபேன் வருமாறு வைக்கலாம். ஃபேன் விளக்கின் சூட்டை இழுக்க வேண்டும், அதன்மேல் தள்ளக் கூடாது. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு அந்த விளக்கே வேண்டாம்.

ஐஸ் பாட்டில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். 100 வாட் விளக்கு ஒரு மணி நேரத்தில் தருவது 360. பதினான்கு மணி நேரத்துக்கு எத்தனை பாட்டில் மாற்றுவீர்கள்? ஏர்கூலரும் சென்னைக்கு ஒத்துவராது, ஏற்கெனவே ஈரமான காற்றில் இன்னும் ஈரம் சேர்க்கும். காய்ந்த வெயில் அடிக்கும் உள்மாவட்டங்களில் கோடையில் பலன் தரும்.

படி 7: மின்சாரம்

தண்ணீரும் வயரும் அருகருகே இருக்கும் இடம் இது. எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் போடாமல் டென்டுக்கு வெளியே உயரத்தில் மாட்டுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகும் முன் ஒரு முறை கீழே தொங்கி ஏறட்டும், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்காதீர்கள்.

இன்வெர்ட்டரில் விளக்கை இணைத்தால் ஃபேனையும் இணைக்க வேண்டும். விளக்கு மட்டும் எரிந்து ஃபேன் நின்றால் டென்ட் கொஞ்ச நேரத்தில் அடுப்பாகிவிடும். இரண்டும் சேர்ந்து அணைந்தால் பரவாயில்லை.

படி 8: செடி வைக்கும் முன் ஒரு நாள் வெறும் ஓட்டம்

விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் போட்டு, காலி டென்டை 24 மணி நேரம் ஓடவிடுங்கள். ஒரு தெர்மாமீட்டர் காற்று உள்ளே வரும் திறப்புக்கு வெளியே, இன்னொன்று இலை வரும் உயரத்தில். இரண்டாவதன்மேல் விளக்கின் ஒளி நேராக விழக் கூடாது. ஒரு சின்ன அட்டையால் நிழல் கொடுங்கள், இல்லாவிட்டால் சில டிகிரி கூட்டிக் காட்டும். ஈரப்பதமும், நாளின் அதிக அளவு, குறைந்த அளவும் காட்டும் வகையாக இருந்தால் நல்லது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கணக்கோடு ஒத்துவர வேண்டும். கூடுதலாக இருந்தால் டக்ட் மடிந்திருக்கிறதா, திறப்பு போதுமா என்று பாருங்கள். வித்தியாசம் சரியாக இருந்தும் டென்ட் சூடாகவே இருந்தால், அறைதான் சூடு. மறுபடி முதல் படிக்குப் போங்கள்.

விளக்கு அணைந்த பிறகும் ஃபேனை நிறுத்தாதீர்கள், மெதுவாக ஓடட்டும். சூடு இறங்கும்போது ஈரப்பதம் ஏறும். இலையில் நீர் கோத்தால் பூஞ்சணம் வர இரண்டு மூன்று நாள் போதும். ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி.

இப்போது என் அறை 25, டென்ட் 27. ஃபேன் பாதி வேகத்துக்கும் கீழேதான் ஓடுகிறது. போன வாரம் அறுத்த லெட்டூஸில் கசப்பு இல்லை.